கூப்பிட்டால்தான் சோறு

மூன்று வயது வரைக்கும் என் மகள் சோறு தின்றதில்லை. சோறுதான் அவளைத் துரத்திக்கொண்டிருந்தது. சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே நீளமாக ஒரு நடைபாதை. அதில் அவள் முன்னால் ஓடுவாள், கிண்ணத்தோடு நான் பின்னால் ஓடுவேன், தண்ணீர்க் குவளையோடு என் கணவர் எனக்கும் பின்னால் ஓடுவார். கீழே ரயில் போனால் "ரயில் பாரு!" என்று நான் கத்த, அவள் ஆவென்று பார்க்க, அந்த ஆவுக்குள் ஓர் உருண்டை போய்விடும். ரயில் வராத நேரத்தில் பூனை. பூனையும் இல்லையென்றால் எதிர்வீட்டு அங்கிளின் மோட்டார் சைக்கிள். பாவம் அந்த மனிதர், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் கீழே நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார், பிள்ளை வாயைத் திறக்கட்டும் என்று.

எங்கள் குடும்பங்களில் பிள்ளைக்கு ஊட்டுவது அன்பு. ஓடி ஓடி ஊட்டுவது பேரன்பு. ஓடி, ஊட்டி, கடைசியில் ஆறிப்போன மிச்சத்தைச் சுவரில் சாய்ந்தபடி வழித்துத் தின்பவளுக்கு அம்மா என்று பெயர். நான் இதில் பெருமைகூடப் பட்டுக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிப் பிறந்த பிள்ளை, ஓடாமல் எப்படி?

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சீன ஆன்டி. நான் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். விட்டு வர ஏழு மணியாகும். ஒரு நாள் கடையில் மின்சாரம் போய், இயந்திரம் நின்று, முதலாளி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். ஐந்தரைக்கே ஆன்டி வீட்டுக் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

வட்ட மேசை. ஆன்டியின் கணவர், ஆன்டி, அவர்கள் பார்த்துக்கொள்ளும் இன்னும் இரண்டு பையன்கள். பிளாஸ்டிக் முக்காலியில், முதுகு நேராக, கையில் தன் கிண்ணத்தோடு, என் மகள். யாரும் அவளைத் துரத்தவில்லை. அவள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கணீரென்று கன்டனீஸில் ஆரம்பித்தாள்: "அங்கிள், சிக் ஃபான்!" அங்கிள் "ம்" என்றார். "ஆன்டி, சிக் ஃபான்!" ஆன்டி "ம்" என்றாள். பிறகு பெரிய பையன், பிறகு சின்னப் பையன். சோறு சாப்பிடுங்க, சோறு சாப்பிடுங்க என்று ஒவ்வொருவராக, மூத்தவர் தொடங்கி, ஒருவரையும் விடாமல். அங்கிள் முதல் வாய் எடுத்து வைத்தார். உடனே என் மகள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள் பாருங்கள். மீன். கீரை. அட, பாகற்காய்! என் வீட்டில் பாகற்காய் என்ற பேச்சு எடுத்தாலே வாந்தி எடுக்கிறவள்.

எனக்குச் சந்தோஷமா, பொறாமையா, அவமானமா, என்னவென்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். ஆன்டி திரும்பிப் பார்த்தாள்.

மலாயையும் ஆங்கிலத்தையும் குழைத்துத்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். "வீட்டுல இவ சாப்பிட மாட்டாளா?" என்று கேட்டாள்.

"துரத்தித் துரத்தி ஊட்டறேன் ஆன்டி."

"ஏன் துரத்தறே? அவ என்ன கோழியா?" என்றாள் ஆன்டி. "உட்கார வை. பெரியவங்களைக் கூப்பிடச் சொல்லு. கூப்பிட்டா சோறு, கூப்பிடாட்டி இல்ல. முடிஞ்சது லா."

முடிந்தது. அன்று ராத்திரியே சட்டம் போட்டேன். எனக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது, பிடித்தால் வெறிதான். கூப்பிடாமல் ஒரு பருக்கை கிடையாது. மூத்தவரை முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். மூத்தவர் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள். என் கணவர், மின்சார ரயில் பட்டறையில் ஷிப்ட் முடித்து வந்து கால் நீட்டியிருந்த மனிதர், "என்னம்மா, பட்டறையிலதான் வருகைப்பதிவு எடுக்கறாங்கன்னா வீட்டுலயுமா?" என்றார்.

"அப்பா, சாப்பிடுங்க," என்றாள் மகள்.

அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சாப்பிடுங்க."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அதே தொனியில், கோயில் மணி மாதிரி, விட்டு விட்டு, அப்பா சாப்பிடுங்க, அப்பா சாப்பிடுங்க. கடைசியில் அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, "சாப்பிடறேன் தாயே, நீயும் சாப்பிடு" என்று கும்பிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, சாப்பிடுங்க."

நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "நீ சாப்பிடும்மா, அம்மா அப்புறம்..."

"அம்மா, சாப்பிடுங்க."

"இதோ ரசத்தை இறக்கிட்டு..."

"அம்மா, சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். என்ன சொல்ல! கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் நான் கொதிக்கக் கொதிக்க ரசம் சாப்பிட்டது அன்றுதான். நான் வைத்த ரசம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே யாரும் சொன்னதில்லை. மிளகு மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, நான் கிறுக்குப் பிடித்தவள் மாதிரி சிரித்துக்கொண்டே அள்ளி அள்ளிக் குடித்தேன். எதிரே மகள் தன் கையால் தின்றுகொண்டிருந்தாள், மேசையெல்லாம் சோறு, மூக்கில் சோறு, தலைமுடியில் சோறு. யாரும் ஓடவில்லை. கீழே ரயில் பாட்டுக்கு ரயில் போனது. அதை யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டுச் சோற்று நேரம் தேர்த்திருவிழா ஆனது. கேஸ் கொண்டுவரும் அண்ணன் தோளில் உருளையோடு வாசலில் நிற்கிறார்: "அண்ணே, சாப்பிடுங்க!" அவர் "சாப்பிட்டாச்சு பாப்பா" என்கிறார். அது பதிலில் சேராது. நீயும் சாப்பிடு என்று சொல்லி ஒரு வாய் வைத்தால்தான் சேரும். அண்ணன் உருளையை இறக்கிவிட்டு ஒரு தோசை தின்றுவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் சரியாகச் சோற்று நேரம் பார்த்து வந்தார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால் பக்கத்து மேசைக்கும் அழைப்பு உண்டு. அங்கே ஒருநாள் இரண்டு பெண்கள், நல்ல பட்டுச் சேலையில், அக்கா தங்கை மாதிரி இருந்தவர்கள். வரிசை தப்பக் கூடாதே என்று மகள் எழுந்துபோய்க் கேட்டாள்: "ஆன்டி, உங்க ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்க?" இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் கை காட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பையன் சாம்பார் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தான். என் கணவர் இலைக்கு அடியில் புகுந்துகொள்ளப் பார்த்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். அடுத்தவர் வீட்டு வழக்கத்தை எடுத்துவந்து நம் வீட்டில் நட்டால் அது தளிர்விட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று யார் நினைத்தது?

இதில் என்னைவிட மகிழ்ந்துபோனவன் என் தம்பி. முப்பத்தொன்பது வயது, லோரி ஓட்டுகிறவன், ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் பேச மாட்டான். பேசத் தெரியாதவன் அல்ல. மூன்று பேருக்கு மேல் ஒரு அறையில் இருந்தால் வார்த்தைகள் அவன் தொண்டையில் கியர் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆனால் "மாமா, சாப்பிடுங்க" என்று அவள் கூப்பிட்டால் உடனே, "சாப்பிடறேன்டா கண்ணு, நீயும் நல்லா சாப்பிடு, உருளைக்கிழங்கு வேணுமா, மாமா தரட்டுமா" என்பான். ஒரு வாரத்துக்கான பேச்சு அதில் முடிந்துவிடும்.

இந்தப் பேசாமைதான் அவன் கல்யாணத்தை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தது. பெண் வீட்டார் வருவார்கள், அவன் உட்காருவான், வியர்ப்பான், தரையைப் பார்ப்பான், அவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்புவார்கள். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிற எனக்கு இவனுக்கு ஒன்று அடிக்க வாய்க்கவில்லை. கடைசியாக ஒரு பெண், கிள்ளானில் பல் கிளினிக்கில் உதவியாளராக இருப்பவர், அவனோடு சில மாதங்களாகக் கைப்பேசியில் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். எழுத்தில் அவன் வெளுத்து வாங்குவானாம். "நேர்ல எப்படின்னுதான் தெரியல," என்று அவரே என்னிடம் போனில் சொல்லிச் சிரித்தார். அவருடைய அப்பா அம்மா மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவானது. தம்பிக்கு இருப்பது அறை. அதனால் எங்கள் வீட்டில்.

முந்தின நாள் தம்பி போன் செய்தான். "அக்கா, இதுதான் கடைசி. இதுவும் இல்லன்னா இனிமே என்னை யார் முன்னாலயும் கொண்டுபோய் உட்கார வைக்காதீங்க."

"சும்மா இருடா."

"இல்லக்கா. நிஜமா." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். 

விடிந்ததும் சமைக்க ஆரம்பித்தேன். சாம்பார், ரசம், உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய், அப்பளம், பாயசம். "யாருக்கு இவ்வளவு? பேசி முடிக்காம அவங்க கை நனைக்க மாட்டாங்க," என்று கணவர் நினைவூட்டினார். தெரியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பெண் வீட்டார் இலையில் உட்கார மாட்டார்கள். காப்பித் தண்ணியோடு சரி. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் ஆட்களிடம் இந்த ஒரு வழக்கம் மட்டும் நெடுஞ்சாலை, மேம்பாலம், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தாண்டி அப்படியே இருக்கிறது. இருந்தாலும் சமைத்தேன். கை சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கிறதே.

பதினொரு மணிக்கு வந்தார்கள். அந்தப் பெண் மஞ்சள் சுடிதாரில், அவருடைய அம்மா ஆரஞ்சுப் பழப் பையோடு, அப்பா எல்லோருக்கும் முன்னால். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களுக்குக் கத்திக் கத்திப் பழகிய குரல். நாற்காலியில் உட்கார்ந்தபோதும் மேலே இருந்துதான் பேசுவது போலிருந்தது.

"லோரி எங்கெல்லாம் போகும் தம்பி?"

"எல்லா இடமும்ங்க."

"எல்லா இடமும்னா?"

"எல்லா இடமும்ங்க."

என் கணவர் பாய்ந்தார். "ஜொகூர் போகும், பினாங்கு போகும், விட்டா சிங்கப்பூருக்கே..."

"நான் தம்பியைக் கேட்டேன் சார்."

தம்பியின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. அந்தப் பெண் அவனைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். பேச்சு வானிலைக்குப் போனது, நெடுஞ்சாலை நெரிசலுக்குப் போனது, சுங்கை பூலோவில் யாரோ வாங்கிய வீட்டுக்குப் போனது, என் கணவரும் அந்தப் பெண்ணின் அப்பாவும் மட்டுமே அதில் பயணம் செய்தார்கள். ஒரு மணி ஆகிவிட்டது. மகளுக்குப் பசி நேரம். உள்ளே மேசையில் தட்டில் சோறு போட்டு, "சத்தம் போடாம சாப்பிடு ராசாத்தி" என்று உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது பெண்ணின் அப்பா முழங்காலில் இரு கையையும் ஊன்றியிருந்தார். எழுந்திருக்கப் போகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"நான் மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வெளியில ஒண்ணைப் பேச மாட்டேன்," என்றார். "தம்பி நல்ல பிள்ளை மாதிரிதான் தெரியுது. ஆனா வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசாத ஆளோட என் பொண்ணு எப்படிக் குடித்தனம் பண்ணும்? நாங்க கிளம்பறோம். யோசிச்சுச் சொல்றோம்."

யோசிச்சுச் சொல்றோம். அறையே ஒரு சுருதி இறங்கியது. தம்பி நிமிரவில்லை. அந்தப் பெண் "அப்பா..." என்றார்.

அப்போதுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு, குழம்பு சிந்தச் சிந்த, என் மகள் கூடத்துக்கு வந்து நடுவில் நின்றாள்.

"போம்மா, உள்ள போய்ச் சாப்பிடு," என்றேன்.

"கூப்பிடாம சாப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னைக்கு மட்டும் பரவால்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வை! அரசாங்கமே சட்டத்தை மீறுவதைக் கண்ட குடிமகளின் பார்வை. என்னை ஒதுக்கிவிட்டு நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனாள். "உங்களுக்கு எத்தனை வயசு?"

"எனக்கா? அறுபத்தெட்டு."

"அப்ப நீங்கதான் முதல்ல. தாத்தா, சாப்பிடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "தாத்தாவுக்கு வேண்டாம்டா. நீ சாப்பிடு."

அவள் அசையவில்லை. "தாத்தா, சாப்பிடுங்க." அதே தொனி. "தாத்தா, சாப்பிடுங்க." எனக்கு உடம்பு கூசியது. கை நனைக்க மாட்டேன் என்று இருக்கிற மனிதரை, இந்த வீட்டுப் பிள்ளை, இந்த வீட்டுச் சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு, விடாமல் சாப்பிடக் கூப்பிடுகிறது. கணவர் வேகமாக, அது சீன ஆன்டி வீட்டில் கற்ற பழக்கம், பெரியவர்களைக் கூப்பிடாமல் இவள் சாப்பிட மாட்டாள், பெரியவர் வாயில் வைக்காமல் இவளும் வைக்க மாட்டாள் என்று விளக்கினார். விளக்க விளக்க நிலைமை மோசமானது.

"அப்ப நான் சாப்பிடாட்டி?" என்றார் அப்பா.

"பட்டினிதான்," என்றாள் மகள்.

"பிள்ளை பசியோட நிக்குது, நீங்க அதுகிட்ட வழக்காடிக்கிட்டு," என்று பெண்ணின் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

மகள் அதற்குள் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டாள். "பாட்டி, சாப்பிடுங்க." பிறகு அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். வாய் திறந்தது, மூடியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இவங்களை என்னன்னு கூப்பிடணும்?"

ஆன்டி என்று சொல்லியிருக்கலாம். அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்கென்றே எவ்வளவு வார்த்தைகள் இருக்கின்றன! ஒன்றும் வாயில் வரவில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது ஒரு தீர்ப்பாகிவிடும் போலிருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்பா தன் மகளைப் பார்த்தார். 

"சொல்லுங்கம்மா, பசிக்குது." அவள் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. தட்டு சாய்ந்தது.

"அத்தைன்னு கூப்பிடுடா."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினோம். என் தம்பி எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியாது. நடந்துவந்து மகளின் தட்டைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஏழு பேர் இருக்கிற அறையில், தெளிவாக, இன்னொரு தடவை சொன்னான். "அத்தைன்னு கூப்பிடு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். காதெல்லாம் சிவந்து, அந்தப் பெண்ணிடம் திரும்பி, "கூப்பிடலாம்ல?" என்றான். "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா ஆன்டின்னே கூப்பிடட்டும். அவ பசி தாங்க மாட்டா, அதான். ஆனா எனக்கு அத்தைன்னு கூப்பிட்டாதான் பிடிக்கும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி நானே கேட்டதில்லை.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்; அது அடங்காமல் கண் வழியாக வந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து என் மகளின் மூக்கில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துவிட்டு, "அத்தைதான். கூப்பிடு" என்றார்.

"அத்தை, சாப்பிடுங்க!"

"சாப்பிடறேன். நீயும் சாப்பிடு."

 அப்பா, கிரேன் மேலிருந்து பெட்டியை எங்கே இறக்குவது என்று பார்க்கிறவர் மாதிரி தம்பியைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி ஏற்கனவே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அப்பா முழங்காலில் கையூன்றி எழுந்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"கை எங்க கழுவறது?" என்றார்.

நான் தலைகால் புரியாமல் படுக்கையறையைக் காட்டினேன். கணவர் அதே நொடியில் வாசலைக் காட்டினார். பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம் மாமா," என்றான் தம்பி.

அப்பா ஒரு கணம் நின்று, "ம்" என்றார். போய்க் கை கழுவினார். குழாயை மூடாமல் தம்பிக்கு வழிவிட்டு நின்றார்.

இலை போதவில்லை. தட்டு, இலை, பாதி இலை என்று கலந்து பரிமாறினேன். சாம்பார் ஆறியிருந்தது, வாழைக்காயில் உப்புப் போட்டேனா இல்லையா நினைவில்லை, அப்பளம் நமுத்திருந்தது. யாராவது என்னைக் கிள்ளியிருந்தால்கூடச் சிரித்திருப்பேன். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, நானும் உட்கார்ந்தாயிற்று. இடம் மாறியதால் முன்பு கூப்பிட்டது செல்லாது என்று மகள் அறிவித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாத்தா சாப்பிடுங்க. பாட்டி சாப்பிடுங்க. அப்பா, அம்மா, மாமா. அத்தை என்ற சொல்லை மட்டும் தேவைக்கு மேல் இரண்டு தடவை சொன்னாள். புதுச் சொல், வாயில் இனித்திருக்கும்.

எல்லோரும் பதில் சொன்னோம். இனி மூத்தவர் முதல் வாய் வைக்க வேண்டும். அப்பா சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், தூக்கினார், நிறுத்தினார்.

"எல்லாரும் இப்படி என் வாயையே பார்த்தா நான் எப்படிச் சாப்பிடறது?"

"சீக்கிரம் தாத்தா," என்றாள் என் மகள்.